ஜன்னலோரச் செம்பருத்தி

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி கனடாவுக்குப் புறப்பட்டபோது நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்று அரை வருஷம் ஆகியிருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், கீழே கப்பலையும் லாரியையும் பார்த்தபடி மணிக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்து பழகிய உடம்பு. ஆனால் ஓய்வுபெற்ற பிறகு என்னால் வீட்டு நாற்காலியில் ஒரு தினத்தந்தி படித்து முடிக்கும்வரைகூட உட்கார முடியவில்லை. திருவொற்றியூரில் எங்களுடையது சின்ன மாடி வீடு. அதற்குள் நான் நடக்கும் நடையைப் பார்த்துவிட்டு, "இன்னாயா, எதையோ தொலைச்சவன் மாதிரி சுத்திகினே கீற? ஒரு எடத்துல ஒக்காரு" என்று மனைவி அடுப்படியிலிருந்து கத்துவாள்.

அவள் போனபிறகு கத்தவும் ஆள் இல்லை.

எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எடுக்க வேண்டும் என்று எப்போதும் தோன்றியதில்லை. மகளின் மாமியார் வண்ணாரப்பேட்டையில் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்கிறவர். கடையை விட்டுவிட்டு அவர் நகர முடியாது. ஆகவே என் மனைவிதான் போக வேண்டியிருந்தது. ஆறு மாதம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. விமான நிலையத்தில் உள்ளே போகும் வாசல்வரை அவள் பேசியதெல்லாம் மொட்டை மாடியில் பழைய பெயின்ட் பக்கெட்டுகளில் வளர்த்துவந்த செம்பருத்திகளைப் பற்றித்தான்.

"தண்ணி ஊத்தறது பெரிசில்ல. எலைய தொடைக்கணும். நம்ம ஊரு காத்துல கரி கீது. வுட்டன்னா எல மூச்சு முட்டிப் பூடும். ஈரத்துணியால மேலயும் கீயயும் தொடை. புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். போய்ச் சேர்ந்ததும் போன் செய் என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்துவிட்டு, பிரியும்போது சொல்வதற்கு எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் கிடைத்தது.

பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். போனில் துணி மூட்டை ஒன்றைக் காட்டினார்கள். மூட்டைக்குள் சிவப்பாய் ஒரு முகம் கொட்டாவி விட்டது. மகள் பின்னால் படுத்திருந்தாள். "நைனா" என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பெற்ற களைப்பு என்று நினைத்தேன். தெருவில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன்.

அவர்கள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் மனைவி பெரிய கோபத்தோடு கூப்பிட்டாள்.

"யோவ், இந்த ஊர்ல செம்பருத்திய குப்பையில போடுவாங்களாம்யா!"

மகள் அந்தக் கோடையில் ஒரு கடையிலிருந்து செம்பருத்தித் தொட்டி ஒன்றை வாங்கி பால்கனியில் வைத்திருக்கிறாள். அங்கேயும் கோடை என்றால் நல்ல வெயிலாம். உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகப் பூத்துக்கொண்டிருந்ததாம். குழந்தை வந்த அமளியில் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இப்போது குளிர் இறங்க ஆரம்பித்துவிட்டது. வெளியே விட்டால் ஒரே உறைபனியில் கருகிவிடும். அந்த ஊர்க்காரர்கள் பலர் இலையுதிர்காலத்தோடு செடியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த கோடைக்குப் புதிதாக வாங்கிக்கொள்வார்களாம். மருமகன் அப்படிச் சொல்லப்போய்த்தான் வினை.

"உசுரோட கீறத எப்டியா தூக்கிப் போடறது? மாப்ள ரொம்பப் படிச்சவரு, அதான் சுளுவா சொல்லிட்டாரு."

தொட்டியை அவளே உள்ளே இழுத்து வந்தாள். மண்ணோடு பூச்சியும் வீட்டுக்குள் வந்துவிடுமே என்று குளியல் தொட்டிக்குள் வைத்து, சோப்புத் தண்ணீரால் ஒவ்வொரு இலையாகக் கழுவினாள். நீண்ட கிளைகளைக் கத்தரித்தாள். வெயில் விழும் ஒரே ஜன்னல் கூடத்தில் இருந்தது, அங்கே வைத்தாள். ஜன்னலுக்குக் கீழே, வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரின் சுடுகாற்று வரும் ஓட்டை ஒன்று. அந்தக் காற்று பட்டால் இலை காய்ந்துவிடும் என்று அட்டையால் மறைத்தாள். இதையெல்லாம் எனக்கு வீடியோவில் காட்டிக்கொண்டே செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டப் போனவள் செடியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாளே என்று.

மணலி போகும் சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு நர்சரிக்காரர் இருக்கிறார். குளிரில் செம்பருத்திக்கு என்ன உரம் போடுவது என்று கேட்டுச் சொல்லும்படி மனைவி உத்தரவு போட்டாள். போனேன். அவர் குழாயை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐஸ் கொட்ற ஊருலயா சார்? நமக்கு வெயில்ல எப்டி காப்பாத்தறதுன்னுதான் தெரியும். பேஜாரா கீதே. எதுக்கும் உரம் போடவேணாம்னு சொல்லு. தூங்கறவன எய்ப்பி சோறு போட்டா எப்டி துன்னுவான்?"

அதை அப்படியே சொன்னேன். அவளுக்குத் திருப்தி.

டிசம்பரில் அங்கே பனி கொட்டியது. இங்கே மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, வடிந்து, கறுப்புச் சேற்றை விட்டுவிட்டுப் போனது. கையில் துடைப்பத்தோடு நிற்கும்போதுதான் அந்த அழைப்புகளில் ஏதோ சரியில்லை என்று முதல் தடவையாக உறைத்தது. மனைவி தினமும் கூப்பிட்டாள். பேத்தியைக் காட்டினாள். செடியைக் காட்டினாள். மகளை மட்டும் காட்டவில்லை.

"அவ எங்க?"

"தூங்கறா."

மறுநாள் கேட்டால், குளிக்கிறாள். அதற்கு அடுத்த நாள், பால் கொடுக்கிறாள். பேத்தி அந்த நேரத்தில் மனைவியின் மடியில் இருந்தாள்.

"பால் குடுக்கறான்ற. கொயந்த உன் மடியில கீது?"

"இப்பதான் குடுத்து முடிச்சா. நீ செடியப் பாரு, எலை எல்லாம் மஞ்சளாயி கொட்டுது" என்று போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். செடியில் பாதி இலை இல்லை. குச்சி குச்சியாக நின்றது. பின்னால் கண்ணாடிக்கு வெளியே எல்லாம் வெள்ளை.

அந்த நாட்களில் நான் வீட்டில் இருந்த நேரம் குறைவு. காலையில் எழுந்ததும் கடற்கரைச் சாலையில் நடக்க ஆரம்பிப்பேன். பாறாங்கல் தடுப்பை ஒட்டி, வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி, காசிமேடுவரை போய்விடுவேன். அங்கே என்னோடு வேலை பார்த்த நண்பன் ஒருவன் இப்போது விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் இடத்தில் மேற்பார்வை பார்க்கிறான். அவன் பக்கத்தில் நிற்பேன். அவன் உட்காரச் சொல்வான். இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து திரும்ப நடப்பேன். பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுவேன். போன் பாக்கெட்டில் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, சட்டைப் பாக்கெட்டின் ஓரத் தையலே பிரிந்துவிட்டது.

"மாமு, இன்னா விசயம்? ஒரு மாரியா கீற" என்று நண்பன் கேட்டான்.

"பொண்ணு பேசவே மாட்டேங்குதுடா."

"உன்மேல எதுனா கோவமா?"

"தெரியல."

"கொயந்த பொறந்தா அப்டித்தான் மாமு. அதுங்களுக்கு நம்ம ஞாபகமே இருக்காது. வுடு, டீ சாப்டு."

டீயை வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

மனைவி திரும்புவதற்கான தேதி நெருங்கியது. அவளுக்குப் பிடிக்கும் என்று சமையலறைக்கு வெள்ளை அடித்தேன். ஒருநாள் மாலை அவள் கூப்பிட்டு, டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாயிற்று என்றாள்.

"ஏன்?"

"குளிரு வுடல. செடிய இப்டியே வுட்டுட்டு வரமுடியாது."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஒரு செடிக்கா டிக்கெட்ட மாத்துன? இங்க ஒருத்தன் தனியா கெடக்கறது கண்ணுக்குத் தெரியலயா? அங்கியே இருந்துக்க. அந்தச் செடியோடவே குடும்பம் நடத்து" என்றேன்.

வழக்கமாக என் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள் அன்று எதுவும் பேசவில்லை. திரையில் அவள் முகம் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் கை வந்து போனை அணைத்தது.

அதற்குப் பிறகு சில நாள் பேச்சே இல்லை. நானும் கூப்பிடவில்லை. வீம்பு ஒரு பக்கம். கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாதது இன்னொரு பக்கம். மாடிக்குப் போனேன். இலைகளில் கரி படிந்திருந்தது. துடைக்காமல் இறங்கி வந்தேன். மறுபடி ஏறினேன். ஒரு பக்கெட்டைத் தூக்கி வேறு மூலையில் வைத்தேன், அதையே திரும்பப் பழைய இடத்தில் வைத்தேன்.

அப்படி ஒரு மாலையில் மருமகன் கூப்பிட்டார். வீட்டிலிருந்து அல்ல. காருக்குள் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருந்ததால் உள்ளே மங்கலாக இருந்தது.

"மாமா, அத்தை உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ஆனா நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கிறதைப் பார்க்க முடியலை."

"இன்னா மாப்ள? கொயந்தைக்கு எதுனாவா?"

"குழந்தை நல்லா இருக்கா. இவதான்..."

அவர் மெதுவாகச் சொன்னார். குழந்தை பிறந்த சில வாரத்திலிருந்தே மகள் சரியாகத் தூங்குவதில்லை. சாப்பிடுவதில்லை. அழுகிறாள், இல்லையென்றால் சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள். குழந்தையைத் தூக்கப் பயப்படுகிறாள். தூக்கினால் கீழே போட்டுவிடுவேன் என்கிறாள். 'நீ என்னைப் பெத்திருக்கவே கூடாது' என்று ஒருநாள் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். டாக்டரிடம் காட்டியாயிற்று. பிரசவத்துக்குப் பிறகு சில பேருக்கு இப்படி வருமாம், குணமாகிவிடுமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை, மனசுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அம்மாவிடம் பேசப் போகிறாள்.

"அந்தச் செடி மாமா... அத்தை தினமும் காலையில அவளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஜன்னல்கிட்ட உக்கார வைப்பாங்க. ஒரு டம்ளர்ல தண்ணி கொடுத்து ஊத்தச் சொல்வாங்க. மண்ணைத் தொட்டுப் பாருன்னுவாங்க. ஒரு நாள் முழுக்க அவ தானாச் செய்யறது அது ஒண்ணுதான். அதனாலதான் அத்தை செடி, செடின்னு இருக்காங்க."

அவரே, "மாமா, இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"கீறேன்" என்றேன்.

போனை வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. எண்ணூர் பக்கம் நடந்தேன். வழியில் பாஸ்போர்ட்டுக்கு எழுதித் தருவதாகப் போர்டு போட்ட கடை ஒன்று இருந்தது. உள்ளே போய், கனடாவுக்கு உடனே போக வேண்டும் என்றேன். அங்கே இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். பாஸ்போர்ட், அதற்கு அப்புறம் விசா, மாதக்கணக்கில் ஆகும். நின்றுகொண்டே கேட்டேன். அவள் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. என் மகள் அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் இங்கே லாரிப் புகைக்குள் நிற்கிறேன். கிரேனில் இருந்தபோது எவ்வளவு தூரத்தில் இருக்கும் பொருளையும் என் கையால் எடுத்து வைத்திருக்கிறேன். இதை எப்படி எடுப்பது?

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, மனைவியைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். முகம் இளைத்திருந்தது. முன்பும் இளைத்துத்தான் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

"செடி எப்டி கீது?" என்றேன்.

அந்தக் கேள்வியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "மாப்ள சொல்லிட்டாரா?" என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அங்கே போனபிறகு அவள் அழுவதை அன்றுதான் பார்த்தேன். யாருக்கும் கேட்கக் கூடாதென்று குழந்தையின் துணிகளைத் துவைக்கும் அறைக்குள் நின்று பேசினாள்.

"எலை பூரா கொட்டிப்புட்ச்சிய்யா. ஆனா நகத்தால தண்ட சொரண்டிப் பாத்தேன். உள்ள பச்சை கீது."

"அது போதும்" என்றேன். "இனிமே சாயங்காலம் நான் கூப்பிடறேன். போன எடுத்து அவ பக்கத்துல வெச்சுடு. அவ பேசத் தேவையில்ல."

எங்களுக்கு மாலை என்றால் அவர்களுக்குக் காலை. மகள் ஜன்னலருகே உட்காரும் நேரம் பார்த்து நான் மாடிக்குப் போவேன். கைப்பிடிச் சுவரில் போனைச் சாய்த்து வைப்பேன். அதில் நானும் பக்கெட்டுகளும் தெரிவோம். அவள் பக்கத்தில் பாதி ஜன்னலும் அவள் தோளும் தெரியும். நான் துணியை நனைத்து இலைகளைத் துடைப்பேன். மண்ணைக் கிளறுவேன். "எப்டிம்மா கீற?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்கக் கூடாது என்று மருமகன் சொல்லியிருந்தார். கேட்டால் அவள் எழுந்து போய்விடுவாளாம். ஆகவே வாயில் வந்ததைப் பேசுவேன். கீழ்வீட்டில் புது நாய்க்குட்டி வந்திருக்கிறது. மீன் விலை ஏறிவிட்டது. எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவில் காக்கா கூடு கட்டுகிறது. பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனால் சும்மா துடைப்பேன். வாழ்க்கையில் எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வாய்த்ததில்லை. போனுக்குள் புகுந்து அவளை உலுக்கி எழுப்ப வேண்டும் போல இருக்கும். கால் பரபரக்கும். இருட்டும்வரை அந்த மாடியிலேயே நின்றேன்.

சில நாள் அவள் வரவே மாட்டாள். வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நான் பேசுவேன். சில நாள் வந்து, தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொள்வாள். கேட்கிறாளா என்றுகூடத் தெரியாது.

ஒருநாள் நான் கிளையைப் பிடித்து வழக்கம்போல் மேல்பக்கமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். காசிமேட்டில் நண்பன் யாரோடோ சண்டை போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைவு.

"நைனா."

துணி கையிலிருந்து விழுந்துவிட்டது. திரும்பினால் அழைப்பு அறுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. திரும்பாமலே, "இன்னாம்மா?" என்றேன்.

"அந்த எலைக்குக் கீய பாரு. வெள்ளையா கீது. மாவுப்பூச்சி."

குனிந்து பார்த்தேன். ஆமாம், கிளைக் கணுவில் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் துடைத்தவன் கண்ணில் படவில்லை.

"இன்னா பண்றது?"

"சோப்புத் தண்ணி. பழைய பிரஷ்ஷால தேயி." குரல் கரகரத்தது. பேசாமலே இருந்த குரல். "அம்மா அப்டித்தான் பண்ணுச்சி."

போய் எடுத்து வருகிறேன் என்று படியில் ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது. குளியலறையில் பழைய பிரஷ் கிடைக்கவில்லை. நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷையே எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் அதைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "அது உன்னுதுதான?" என்றாள். "வேற வாங்கிக்கறேன்" என்றேன். நான் தேய்க்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். நான் மாடித் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்கு அடுத்த வாரம் மறுபடி மோசமானது. மருந்தை மாற்றினார்கள். குழந்தையோடு அவளைத் தனியாக விடாமல் மனைவியும் மருமகனும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்றிரண்டு வார்த்தை வர ஆரம்பித்தது. பெரும்பாலும் என்னைத் திட்டுவதற்கு. தண்ணீர் அதிகம் ஊற்றுகிறேனாம், கிளையைக் கோணலாக வெட்டிவிட்டேனாம். அவள் திட்டட்டும் என்று சிலவற்றை வேண்டுமென்றே தப்பாகச் செய்தேன். மார்ச் வாக்கில் ஒருநாள் போனைத் தூக்கிச் செடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், காய்ந்த குச்சியில் அரிசி அளவுக்குப் பச்சையாய்த் துளிர்த்திருந்ததை அவளே காட்டினாள். அவள் தோளில் குழந்தை இருந்தது. நான் குழந்தையைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. துளிரைப் பற்றியே கேட்டேன்.

முதலில் வந்த மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. குளிர் விட்டதும் என் மனைவி பொறுக்கமாட்டாமல் செடியைத் தூக்கி ஒரே நாளில் முழு வெயிலில் வைத்துவிட்டாள். புது இலையெல்லாம் வெளுத்துச் சுருண்டது. "கொஞ்சம் கொஞ்சமாத்தான்மா வெளிய வெக்கணும், முதல்ல நெழல்ல வெக்கணும்" என்று மகள் அவளோடு சண்டை போட்டதைக் கேட்டேன். இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! நான் இந்தப் பக்கத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

ஜூன் மாதம் மனைவி வந்தாள். பெட்டியைக்கூடத் திறக்காமல் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு செடி வேரழுகிச் செத்ததற்கு என்னை ஒரு பிடி பிடித்தாள். வெள்ளை அடித்த சமையலறையை அவள் கவனிக்கவே இல்லை. மகள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். மாத்திரை தொடர்ந்தது. இப்போதும் சில நாள் அவள் குரல் தணிந்தால் எங்கள் இருவருக்கும் சோறு இறங்காது.

மனைவி வந்து கொஞ்ச நாள் கழித்து, இருவரும் மீன் வாங்கப் போகும்போது கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"நடந்திருப்பேன்."

"அதான் சொல்லல. எங்கனா லாரில மாட்டிகினா நான் யாரப் பாக்கறது?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தபிறகு மறுபடி சொன்னாள். "பயமா இருந்துச்சிய்யா. உங்கிட்ட சொன்னா நெசமாயிடும்னு தோணிச்சி."

மீன் விற்கும் பெண்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். அவள் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, நேற்று வந்த மீன் என்று வாதாட ஆரம்பித்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.